கோடை விடுமுறையும் வீட்டுக் கம்ப்யூட்டரும்: பிள்ளைகள் தமிழ் படிக்க, எழுத ஒரு வழி

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்பினால் கூடவே கத்திரி வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப மனம் வராது. வீட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் ஆன் ஆகும், இரவில்தான் ஆஃப் ஆகும். இடையில் நடப்பதெல்லாம் கேம்ஸ், வீடியோ, மறுபடியும் கேம்ஸ்.

"இதை வாங்கியதே தப்போ?" என்று என் அக்கா கேட்டாள். அவள் கவலை கேம்ஸ் பற்றியது. எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அவள் மகன் நான்காம் வகுப்பு முடித்திருந்தான். ஆங்கில மீடியம். கம்ப்யூட்டரில் வரும் ஆங்கில மெனுக்களைத் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடுவான். ஆனால் சோழவந்தானில் இருக்கும் அவனுடைய அப்பத்தா அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் "ம... து... ரை..." என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். மூன்று வரிக்குப் பிறகு பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டான். அப்பத்தாவுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. இருவருக்கும் இடையில் எழுத்தில் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

தமிழ்நாட்டில் 2006இல் வந்த சட்டப்படி பள்ளிகளில் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் ஒரு பாடமாகக் கட்டாயமானது. ஆனால் பாடமாக இருப்பது வேறு, தானாக எடுத்துப் படிப்பது வேறு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, மறுநாளே ஒரு கதையைப் படிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கேம்ஸ் ஆடிய அதே கம்ப்யூட்டரை வைத்து இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. பணம் கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேர் எதுவும் இதில் இல்லை. கம்ப்யூட்டரும் புதிதாக இருக்க வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய பழைய லேப்டாப் பீரோ மேல் கிடந்தால் அதைத் தூசு தட்டி எடுங்கள்.

முதலில் எந்த நிலை என்று பாருங்கள்

நேராகக் கதைப் புத்தகத்தைத் திறந்து வைத்து "படி" என்றால் பிள்ளை ஓடிவிடும். 2005 முதல் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 'ஏசர்' என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கிறது. அந்த முறை மிக எளிமையானது. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை என நான்கே படிகள். எந்தப் படியில் தடுமாறுகிறதோ அதற்கு முந்தையதுதான் பிள்ளையின் நிலை. அவ்வளவுதான் சோதனை.

இதை நீங்களும் செய்யலாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பாடப் புத்தகங்கள் அனைத்தும் இன்டர்நெட்டில் பிடிஎப் பைல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை டவுண்லோட் செய்து, பிள்ளை பார்த்திராத ஒரு பக்கத்தை ஸ்கிரீனில் பெரிதாக்கிக் காட்டுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை மேலே உருட்டினால் எழுத்து பெரிதாகும். அக்கா மகன் சொற்களைத் தாண்டினான், பத்தியில் மூச்சு வாங்கினான். நான்காம் வகுப்புப் பையனுக்கு முதல் வகுப்பு நிலை. அக்கா முகம் வாடிவிட்டது. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரிந்ததே பெரிய லாபம்.

ஒரு மணி நேரம் போதுமா?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் அருகே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. மாலை வேளையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், வீட்டுக்குப் பக்கத்திலேயே, அதே தெருவில் வசிக்கும் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுப்பார்.

இதன் பலனை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இந்த மாலை நேர வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். பெரிய கட்டடம், ஸ்மார்ட் போர்டு எதுவும் இல்லை. தினமும் ஒரே நேரம், பக்கத்தில் ஒரு பெரியவர், கொஞ்சம் படிப்பு. உங்கள் வீட்டு ஹாலில் இது மூன்றும் சாத்தியம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினியரிங் படித்தவன் அல்லவா, எக்செல்லில் அழகாக ஒரு டைம் டேபிள் போட்டேன். காலை 9 முதல் 10 வரை வாசிப்பு, 10 முதல் 11 வரை எழுத்து என்று கலர் கலராக. மூன்றாம் நாள் பையன் வயிற்று வலி என்று படுத்துவிட்டான். நான்காம் நாள் எனக்கே அந்த டேபிளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு மாலை ஆறு மணிக்கு 40 நிமிடம் என்று குறைத்தோம். இருபது நிமிடம் படிப்பது, இருபது நிமிடம் எழுதுவது. அது நின்றது.

கதைகளுக்கு ஸ்டோரிவீவர்

பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய இணைய தளம் ஸ்டோரிவீவர். கூகுளில் இந்தப் பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ டைப் செய்து தேடுங்கள். தளத்துக்குள் சென்றதும் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து 'லெவல்' என்று ஒன்று இருக்கும். ஒன்று முதல் நான்கு வரை. ஒன்றாம் லெவலில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான், மீதியெல்லாம் படம். நான்காம் லெவல் சரளமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு.

இங்கே பெற்றோர் செய்யும் தவறு, வகுப்பைப் பார்த்து லெவலைத் தேர்ந்தெடுப்பது. நான்காம் வகுப்பு என்றால் நான்காம் லெவல் என்று கிடையாது. மேலே சொன்ன சோதனையில் எந்த நிலையோ அதைவிட ஒரு படி எளிதாகவே தொடங்குங்கள். முதல் கதையை முழுதாகப் படித்து முடித்தேன் என்ற தெம்பு வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றாம் லெவல் கதைகளை ஒரு வாரத்தில் தீர்த்துவிட்டு அவனே இரண்டுக்குத் தாவினான்.

கதையை ஆன்லைனில் படிக்க எதுவும் தேவையில்லை. டவுண்லோட் செய்ய ஒரு அக்கவுண்ட் தொடங்க வேண்டும். அதை உங்கள் இமெயில் முகவரியில் தொடங்குங்கள். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, பள்ளி, போட்டோ ஆகியவற்றை எந்தத் தளத்திலும் கொடுக்காதீர்கள். டவுண்லோட் செய்த பைல்களை டெஸ்க்டாப்பில் 'கதைகள்' என்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் சேமியுங்கள். நெட் இல்லாத நாளிலும் படிக்கலாம்.

இந்தக் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. அதாவது, எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். நீங்கள் அவற்றை ப்ரிண்ட் எடுக்கலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைக்கு ஒரு ஆங்கிலக் கதையைத் தமிழாக்கச் சொல்லுங்கள். படத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றும் வசதி தளத்திலேயே இருக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு

ஏழு, எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு இடம் இருக்கிறது. மதுரைத் திட்டம் என்று தமிழில் சொல்லப்படும் புராஜெக்ட் மதுரை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணிபுரிந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்பதால் இந்தப் பெயர். பல நாடுகளில் உள்ள தமிழர்கள் சம்பளம் இல்லாமல் நூல்களை டைப் செய்து, பிழை பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். ஆத்திசூடியும் இருக்கிறது, கல்கியின் பொன்னியின் செல்வனும் இருக்கிறது, உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'மும் இருக்கிறது. ஒரு பையன் தமிழ் படிப்பதற்காக எவ்வளவு தூரம் நடந்தான் என்று விடுமுறையில் படிக்க 'என் சரித்திரம்' நல்ல புத்தகம். முதல் சில அத்தியாயங்களை மட்டும் கொடுங்கள். பிடித்தால் மீதியை அவர்களே தேடுவார்கள்.

பழைய பைல்களைத் திறந்தால் சில சமயம் தமிழுக்குப் பதில் புரியாத குறியீடுகள் தெரியும். பயப்பட வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அது 'திஸ்கி' என்ற பழைய எழுத்து முறையில் உள்ள பைல். அதே நூலின் யூனிகோட் அல்லது பிடிஎப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகத் தெரியும்.

தகவல் பிரியர்களுக்கு இன்னொன்று. பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கிறது. தமிழ் நடை தெளிவாக இருக்கும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய நூல் என்பதை மறக்கக் கூடாது. புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கியதே 2006இல்தான். அதனால் அதில் ஒரு கட்டுரையைப் படித்து, அதே தலைப்பில் தமிழ் விக்கிபீடியாவில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டு, மாறியிருப்பவற்றை ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். பழைய நூலில் பிழை கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் விக்கிமூலம் தளத்தைக் காட்டுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஸ்கேன் பக்கம் ஒரு புறமும், கம்ப்யூட்டரே அதைப் படித்து எழுதிய எழுத்துகள் மறுபுறமும் இருக்கும். கம்ப்யூட்டர் செய்த தவறுகளைத் திருத்துவதுதான் வேலை. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்ததும் பச்சை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தாலே ண, ன, ந வித்தியாசம் விரலுக்கு வந்துவிடும்.

எழுதுவதற்கு: கீபோர்டைத் தமிழுக்கு மாற்றுங்கள்

இப்போது முக்கியமான விஷயம். எழுதுவது என்றால் நோட்டும் பென்சிலும்தான் முதலில். கம்ப்யூட்டர் அதற்குப் பதில் அல்ல. ஆனால் கையெழுத்து சரியில்லை என்று திட்டு வாங்கியே எழுத வெறுத்துப்போன பிள்ளைகளுக்குக் கீபோர்ட் ஒரு புது வாசல்.

தமிழில் டைப் செய்யப் பல முறைகள் உண்டு. நம்மில் பலர் 'அம்மா' என்பதற்கு ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக மாற்றும் முறைக்குப் பழகியிருக்கிறோம். நானும் அப்படித்தான். பையனுக்கும் முதலில் அதையே போட்டுக் கொடுத்தேன். நான்கு நாளில் ஒன்றைக் கவனித்தேன். அவன் தமிழ்ச் சொல்லை மனதில் ஆங்கில ஸ்பெல்லிங்காக மாற்றி, பிறகு அடிக்கிறான். தமிழ் எழுத்து அவன் கண் வழியாகவே போகவில்லை. பெரியவர்களுக்கு அது வசதி. எழுத்து பழகும் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாகத் தமிழ்99 கீபோர்டைப் பரிந்துரைக்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. தமிழில் மொத்தம் 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்தோம். இந்தக் கீபோர்டில் அதற்கு 31 கீகளே போதும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம், மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் வந்துவிடும். பள்ளியில் கரும்பலகையில் போட்ட கணக்கு அப்படியே விரலில் நடக்கிறது.

விண்டோஸ் 10இன் 2019 மே மாத அப்டேட் முதல் இந்தக் கீபோர்ட் விண்டோஸிலேயே வருகிறது. விண்டோஸ் 11இலும் உண்டு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'செட்டிங்ஸ்' செல்லுங்கள். 'டைம் அண்ட் லாங்வேஜ்' என்பதில் கிளிக் செய்து, 'லாங்வேஜ்' பகுதிக்குள் 'ஆட் எ லாங்வேஜ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது விண்டோஸின் மெனுக்களையும் தமிழுக்கு மாற்றவா என்று கேட்கும் இடத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு தமிழ் என்ற பெயருக்கு அருகில் உள்ள 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' சென்று, 'ஆட் எ கீபோர்ட்' மூலம் 'தமிழ் 99' என்பதைச் சேர்த்துவிடுங்கள். இனி விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். பழைய விண்டோஸ் உள்ளவர்கள் இ-கலப்பை அல்லது என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் தமிழ்99 உண்டு.

இப்போது நோட்பேடைத் திறந்து அடித்துப் பாருங்கள். ஏ கீயில் 'அ', கே கீயில் 'ம', க்யூ கீயில் 'ஆ'. எனவே ஏ, கே, கே, க்யூ என்று நான்கு கீகளைத் தட்டினால் 'அம்மா'. புள்ளி எங்கே போட்டோம் என்று கேட்கிறீர்களா? ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஜே கீயில் 'ப', எல் கீயில் 'த'. ஏ, ஜே, ஜே, எல், எல், க்யூ என்றால் 'அப்பத்தா'. ஆறு தட்டு. இதையே ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் பத்துத் தட்டு வரும். வி கீயில் 'வ', எச் கீயில் 'க', ஆர் கீயில் 'ஐ'. வி, ஆர், எச், ஆர் என்று தட்டினால் 'வைகை' ஓடும்.

தனியாகப் புள்ளி வேண்டும் என்றால் எஃப் கீ. 'அழகர்' என்பதில் கடைசி 'ர்' வர, 'ர' அடித்து எஃப் தட்ட வேண்டும். இன அழகும் இந்தக் கீபோர்டுக்குத் தெரியும். 'ந' அடித்து 'த' அடித்தால் 'ந்த' என்று தானே புள்ளி வைத்துக்கொள்ளும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 'பப்பாளி' அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு 'ப'வையும் சேர்த்துப் புள்ளி வைத்துவிடும். முதல் 'ப'வுக்குப் பிறகு ஒரு 'அ' தட்டிவிட்டு அடுத்த 'ப'வுக்குச் செல்ல வேண்டும். பையன் இதை மூன்று நாள் விளையாட்டாகவே வைத்திருந்தான். புள்ளி வைத்து ஏமாற்றும் சொற்களைத் தேடித் தேடி அடித்தான். அந்த மூன்று நாளில் அவன் கற்ற ஒற்றெழுத்துப் பாடம் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம்.

கீபோர்டில் தமிழ் எழுத்து இல்லையே என்றால், வெள்ளை ஸ்டிக்கர் தாளில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளையையே எழுத வையுங்கள். அதுவே முதல் நாள் எழுத்துப் பயிற்சி.

என்ன எழுதச் சொல்வது?

'பசு' கட்டுரை வேண்டாம். அது பள்ளிக்கூடத்தோடு போகட்டும். படிப்பதற்கு உண்மையில் ஒருவர் இருந்தால்தான் பிள்ளை எழுதும். பையனுக்கு அப்பத்தா இருந்தார். சித்திரைத் திருவிழாவில் கோரிப்பாளையம் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததை எழுதினான். மொத்தம் ஏழு வரி. அதில் மூன்று வரி ஜிகர்தண்டா பற்றி. எதிர்சேவை பற்றி ஒன்றுமே இல்லையே என்று அக்கா சேர்க்கச் சொன்னாள். நான் தடுத்துவிட்டேன். கடிதம் அவனுடையது.

எழுதவே வராத சின்னப் பிள்ளைகள் வாயால் கதை சொல்வார்கள். கூகுள் டாக்ஸில் 'டூல்ஸ்' மெனுவில் 'வாய்ஸ் டைப்பிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. குரோம் பிரவுசரில் திறந்து, மைக் படத்தின் மேல் உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசச் சொல்லுங்கள். சொன்ன கதை எழுத்தாக ஸ்கிரீனில் ஓடும். தான் சொன்னது என்பதால் அதைப் படிக்கும் ஆர்வம் தனி. நம்ம ஊர்ப் பேச்சை அது பல இடங்களில் கந்தலாக்கும். நல்லதுதான், திருத்துவதற்கு வேலை கிடைக்கும். நெட் கட்டாயம் தேவை.

கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுக்கும் சாட் புரோகிராம்கள் இப்போது வந்துவிட்டன. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், அதையும் அகராதியில் சரிபார்க்க வேண்டும். பிள்ளை எழுதத் தொடங்கும் முன் அதைத் திறக்க விடாதீர்கள். பிழையில்லாத ஒரு பக்கம் கிடைக்கும், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

சேமிப்பது, ப்ரிண்ட் எடுப்பது

மே மாதத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கோடை மழையோடு இடி மின்னல் வந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் யுபிஎஸ் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு எழுதிய முதல் கடிதம் சேமிக்காமலேயே கரண்டோடு போய்விட்டது. பையன் அழுத அழுகை அக்கம் பக்கம் கேட்டது. மறுநாள் அதே கடிதத்தை இன்னும் இரண்டு வரி கூடுதலாக எழுதினான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல் கீயோடு எஸ் தட்டும் பழக்கம் அன்றைக்கு வந்தது, இன்றும் போகவில்லை.

நோட்பேட் பழகுவதற்கு மட்டும். கடிதம், கதைக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேரில் உள்ள 'ரைட்டர்' போதும். எழுத்துருவாக விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ தெளிவாக இருக்கும். கடைசியில் 'பைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎப்' கொடுங்கள். வீட்டில் ப்ரிண்டர் இல்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவில் எடுத்துச் செல்லும்போது பிடிஎப் பைலையே கொண்டுபோக வேண்டும். பல கடைகளில் பழைய தமிழ் எழுத்துருக்களையே வைத்திருப்பார்கள். அங்கே ரைட்டர் பைலைத் திறந்தால் எழுத்து மாறியோ கட்டம் கட்டமாகவோ தெரியலாம். பிடிஎப்பில் எழுத்துரு உள்ளேயே சேர்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

விடுமுறை முடிவதற்குள் ஒரு குட்டிப் புத்தகம் செய்யுங்கள். எட்டுப் பக்கக் கதைக்கு இரண்டு ஏ4 தாள் போதும். ரைட்டரில் ப்ரிண்ட் கொடுக்கும்போது 'பிரோஷர்' என்ற தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் மடித்தால் பக்கம் வரிசையாக வரும்படி அதுவே மாற்றி அடுக்கிவிடும். இரு பக்கமும் அடிக்காத ப்ரிண்டர் என்றால் ஒரு பக்கம் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைக்க வேண்டும். எப்படித் திருப்புவது என்பது ப்ரிண்டருக்கு ப்ரிண்டர் மாறும். முதலில் பழைய தாளில் சோதித்துவிடுங்கள். அட்டைப்படத்தை மட்டும் கையால் வரையச் சொல்லுங்கள். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஃபேனை நிறுத்திவிட்டு மடியுங்கள், இல்லாவிட்டால் பக்கம் ஹால் முழுக்கப் பறக்கும்.

கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஹாலில், ஸ்கிரீன் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். ஸ்கிரீனிலேயே எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. மதுரையில் நத்தம் சாலையில் 2023 ஜூலை 15ஆம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஸ்டோரிவீவரில் பத்துக் கதை படித்த பிள்ளை அங்கே போனால் தானாகவே அலமாரிப் பக்கம் நகரும்.

அப்பத்தாவுக்குப் போன கடிதத்தை 16 பாயிண்ட் எழுத்தில் ப்ரிண்ட் எடுத்திருந்தோம். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இன்லேண்ட் லெட்டரில், கோணல் மாணலாக, பென்சிலால். பையனே வாசித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவருக்கும் எழுதிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும், நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் இல்லை, மாடு கன்று போட்டிருக்கிறது, கன்றுக்கு நீயே பேர் வை. கடைசி வரியில், எழுத்து பொடிசாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் தெரியவில்லை, அடுத்த தடவை பெரிசாக அடித்து அனுப்பு என்று இருந்தது. இப்போது அவருக்கு அனுப்பும் கடிதங்களை 26 பாயிண்டில் வைத்திருக்கிறோம்.